வாப்பாட பேருல

2022 ஜனவரி 3, திங்கள்

காலையிலேயே, எங்கள் விவாகரத்து வழக்கைத் தீர்த்த காதியார் வீட்டுக்குப் போய் இந்த மாதத் தாபரிப்புக் காசைக் கட்டினேன். பற்றுச்சீட்டு எழுதுகிறவர் தலை நிமிராமலே, "றிபாத், பிள்ளை ஒண்டு, பேரு நுஸ்கா. சரிதானே?" என்று மாதாமாதம் கேட்பதையே கேட்டார். ஓம், சரிதான். போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் இடையில் இன்னொன்று முளைத்துவிடுமா?

கட்டிவிட்டு நேரே சீனித்தம்பி காக்காவின் கடைக்குப் போனேன். எனக்குப் பிடித்த வேலை இதுதான். காதியாரிடம் கட்டுவது நுஸ்காவின் உம்மா கைக்குப் போய், அரிசியாகவும் மீனாகவும் அடுப்பில் ஏறிவிடும். அதில் எனக்குக் குறையில்லை, பிள்ளையின் வயிற்றுக்குத்தானே. ஆனால் கடைக் கணக்கு எனக்கும் மகளுக்கும் மட்டும். அவர்களுடைய வீட்டுக்கு நாலு வளவு தள்ளித்தான் கடை. நாங்கள் பிரிந்த கையோடு காக்காவிடம் சொல்லிவைத்தேன்: நுஸ்கா வந்து எதைக் கேட்டாலும் என் பெயரில் கொடுங்கள், மாதம் பிறந்ததும் நான் வந்து கட்டுகிறேன்.

காக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். கொப்பிகள், கொம்பாஸ் பெட்டி, மினுங்குகிற தலைக் கிளிப். பிறகு நெத்தலிக் கருவாடு, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தரம்.

"கருவாடு என்னத்துக்கு காக்கா? பன்னெண்டு வயசுல கறி ஆக்கிறயா அவ?"

"பூனக்கி ராசா. வெள்ளப் பூன ஒண்டு அவக்குப் பின்னாலயே வருகிது. பேரும் வச்சிருக்கா. சுல்தானாம்."

என் மகளிடம் ஒரு பூனை இருப்பது எனக்கு இப்படித்தான் தெரியவந்தது. வழியெல்லாம் சிரித்துக்கொண்டே ஓட்டோ ஓட்டினேன். பின்னால் இருந்தவர் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

ஜனவரி 7, வெள்ளி

ஜும்ஆ முடிந்து நுஸ்கா வீட்டுக் கேற்றடிக்குப் போனேன். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையைப் பார்க்கலாம் என்று காதியார் சொல்லியிருக்கிறார். உள்ளே வாங்க என்று யாரும் சொல்வதில்லை, நானும் போவதில்லை. ஆறு வருடம் கட்டாரில் வெயில் குடித்து அனுப்பிய காசில் எழும்பிய வீடு. ஆனாலும் வீடு நுஸ்காவின் உம்மாவுடையதுதான், அதில் எனக்கு வழக்கில்லை. நம்மட ஊரில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து குடியிருக்கிறவன். பிரிந்தால் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டியதும் அவன்தான். என் உம்மாவின் வீடும் அதே முறையில் தங்கச்சி சுல்பிகாவுக்குப் போனது. அவளுடைய முன்னறையில்தான் இப்போது என் கட்டில். மச்சான் நல்ல மனிதர். ஒன்றும் சொல்லமாட்டார். அந்த ஒன்றும் சொல்லாததுதான் கஷ்டம்.

ஒருநாள் அந்தக் கேற்றுக்கு உள்ளே இருப்பது நுஸ்காவின் வீடாக இருக்கும். அதை நினைத்தால் மதிலில் சாய்ந்து நிற்கவும் எனக்கு வெட்கமில்லை.

அவள் கிளாசில் தோடம்பழக் கரைசல் கொண்டுவந்தாள். "சுல்தான் சுகமா?" என்றேன்.

"உங்களுக்கெப்பிடி வாப்பா தெரியும்?"

"வாப்பாக்கு எல்லாம் தெரியும்."

கொஞ்சம் யோசித்தாள். "நான் எடுக்கிற எல்லாத்தையும் சீனித்தம்பி காக்கா உங்களுக்கிட்டச் சொல்லுவாரா?"

"ஒண்டு விடாமச் சொல்லுவார்" என்றேன் பெருமையாக.

பெப்ரவரி 2, புதன்

கலர்க் கடதாசி, பசை, மீண்டும் கருவாடு. ஒரு சின்னக் கண்ணாடி. கண்ணாடி பார்க்கிற வயதாகிவிட்டதா?

மே 3, செவ்வாய்

நோன்புப் பெருநாள். உடுப்பும் பெருநாள் காசும் சுல்பிகாவின் கையில் கொடுத்தனுப்பினேன். பெற்றோல் இல்லாமல் ஓட்டோ படுத்திருக்கிறது. பெருநாள் அன்று ஓட்டோ ஸ்ராண்டில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த வண்டியை மறுபடி துடைத்தேன்.

ஜூன் 9, வியாழன்

இரண்டு நாள் வரிசையில் கிடந்து, எனக்கு முன்னால் நாலு வண்டி நிற்கும்போது பெற்றோல் முடிந்தது. ஸ்ராண்டில் என்னோடு ஓட்டோ ஓட்டுகிற பாண்டிருப்பு பிரகாஸ் எனக்கு அடுத்ததாக நின்றான். "காக்கா, இனி வண்டிக்குப் பாலூட்டி வளர்க்க ஏலாது, வித்துப்போட்டு மாடு வாங்குவம்" என்றான். சிரித்தோம். சிரிப்பு முடிந்ததும் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு திரும்பினோம். இந்த மாதம் காதியாரிடம் கட்டியது அவனிடம் கடனாக மாறிய காசு. அவன் தன் மனைவியின் காப்பை அடகு வைத்துத் தந்தது.

காதியாருடைய காசைப் பிந்தவிட ஏலாது. சாப்பாட்டில் குறைக்க ஏலாது. வேறு எங்கே இழுத்துப் பிடிப்பது?

சீனித்தம்பி காக்காவிடம் போய்ச் சொன்னேன்: "காக்கா, நிலமை தெரியும்தானே. இந்த ரெண்டு மூணு மாசத்துக்கு நுஸ்காக்கு கொப்பி, பேனை, பென்சில் மட்டும் குடுங்க. வேறொண்டும் வேணாம். கேட்டா நான் சொன்னயெண்டு சொல்லுங்க."

"அதுக்கென்ன ராசா. நான் பாத்துக்கிறன்."

நியாயமான காரியம்தான். பூனை கொஞ்ச நாளைக்கு எலி பிடித்துத் தின்னட்டும்.

ஜூன் 24, வெள்ளி

சைக்கிளில் போய் நின்றேன். நுஸ்கா வெளியே வரவில்லை. அவளுடைய உம்மா கதவைப் பாதி திறந்து, "புள்ளக்கி ஏலாமலிருக்கு" என்றாள். என்ன ஏலாது? காய்ச்சலா? கதவு மூடிவிட்டது.

ஜூலை 2, சனி

நேற்றும் வரவில்லை. இன்றைக்குக் கடைக் கணக்குப் பார்க்கப் போனேன். போன மாதம் ஒன்றுமே எடுக்கவில்லையாம். ஒரு பென்சில்கூட இல்லை. காக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு தராசைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

பிள்ளைக்கு நிலைமை விளங்கியிருக்கிறது. யாரும் சொல்லாமலே தகப்பனின் கஷ்டம் விளங்குகிற பிள்ளை. அல்ஹம்துலில்லாஹ். மனது குளிர்ந்து வந்தேன்.

ஜூலை 10, ஞாயிறு

ஹஜ்ஜுப் பெருநாள். கேற் உள்ளால் பூட்டியிருந்தது.

ஜூலை 18, திங்கள்

காதியாரிடம் முறைப்பாடு வைத்தேன். மாதம் தவறாமல் கட்டுகிறேன், கடன்பட்டும் கட்டுகிறேன், பிள்ளையின் முகத்தைக் காட்டுகிறார்கள் இல்லை என்று. விறாந்தை நிறைய ஆட்கள். நுஸ்காவின் உம்மா வாங்குப் பலகையின் ஓரத்தில் இருந்தாள். நான் சத்தம் போட்டுத்தான் கதைத்தேன். "புள்ளைய எனக்கெதிராத் திருப்பிறாங்க" என்றேன். "காசு மட்டும் வேணும், தகப்பன் வேணாமா?" என்றும் கேட்டேன்.

காதியார் அவளிடம் இரண்டு தரம் கேட்ட பிறகு, "புள்ளக்கி வர விருப்பமில்ல ஹஸ்ரத். காரணத்த இத்தின ஆம்பிளையளுக்கு முன்னால சொல்லேலா" என்றாள். போகும்போது என்னை ஒருமுறை பார்த்தாள். கோபமான பார்வை என்றால் எனக்குப் பழக்கம். இது அது இல்லை.

சொல்ல ஏலாத காரணமாம்! காரணம் இருந்தால்தானே சொல்வதற்கு?

ஜூலை 23, சனி

காலையில் சுல்பிகா நல்ல உடுப்பு உடுத்து நின்றாள். "நுஸ்கா போன மாசம் பெரியபிள்ளையாகிட்டா காக்கா. இண்டைக்குத் தண்ணி வாக்கிறாங்க. மாமிமார வரச் சொல்லி ஆள் வந்த."

இப்படித்தான் முறை. மாமிமாருக்குச் சொல்வார்கள், தகப்பனுக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அதனால்தான் பிள்ளை வெளியே வரவில்லை! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. காதியார் வீட்டில் கத்தியதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. ஸ்ராண்டுக்கு ஓடிப்போய்ப் பிரகாஸிடம் மறுபடி மாறி, ரோஸ் நிறத்தில் ஒரு உடுப்புத் துணி வாங்கிக் கொடுத்துவிட்டேன். பின்னேரம் வரை வாசலிலேயே நின்றேன், அவள் வந்து எல்லாவற்றையும் சொல்வாள் என்று.

வந்தாள். துணி அவளுடைய கையிலேயே இருந்தது. ஹபாயாவைக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள்.

"காக்கா, போன மாசம் நீங்க சீனித்தம்பி காக்காக்கிட்ட என்னமும் சொன்னயா? கொப்பி, பென்சில் மட்டும் குடுங்க எண்டு?"

"ஓம். என்னத்துக்கு?"

அவள் சொன்னதை எழுத வேண்டும். எழுதாவிட்டால் நான் மறந்துவிடுவேன் என்று இல்லை.

போன மாதம் ஒருநாள் நுஸ்காவின் உம்மா விடியமுதலே சமையல் காஸ் வரிசைக்குப் போய்விட்டாள். பிள்ளை வீட்டில் தனியே. முதல்முதலாக அவளுக்கு வந்தது அன்றுதான். பயந்துபோய், உம்மாவின் பெரிய ஹபாயாவைப் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடியிருக்கிறாள். கையில் காசில்லை. காசு எதற்கு? வாப்பாவின் கணக்கு இருக்கிறதே. நான் எல்லாவற்றையும் விசாரிப்பேன் என்று தெரிந்தும் போயிருக்கிறாள், வேறு வழியில்லாமல்.

கடையில் ஆம்பிளைகள் நின்றார்களாம். காக்காவின் மனைவி சரீபா ராத்தா குசினியில். இல்லாவிட்டால் அவர்தான் பெண்களுக்குரிய சாமானைப் பேப்பரில் சுற்றி, கண்ணால் கதைத்துக் கொடுத்துவிடுவார். பிள்ளை மெல்லக் கேட்டிருக்கிறாள். காக்காவுக்குக் காதில் விளங்கவில்லை. மறுபடி சொல்லவைத்திருக்கிறார். பிறகு அவருடைய சத்தத்தில், எல்லாருக்கும் கேட்க: "வாப்பா கொப்பி, பேனை, பென்சில் மட்டுந்தான் குடுக்கச் சொன்ன மனே. வேற சாமான் குடுக்கவேணாமாம்."

யாரோ ஒரு ஆள் சிரித்தானாம்.

"வீட்ட வந்து பழைய சாரன் ஒண்டக் கிழிச்செடுத்தாளாம் காக்கா. உங்கட சாரன். அலுமாரிக்கடியில கிடந்ததாம். உம்மா வருமட்டும் அறையப் பூட்டிட்டு இருந்தாளாம்."

நான் என்ன செய்து வச்சிருக்கன்? என்ர பிள்ளை— நான் இடுப்புல உடுத்து விட்டுட்டுப் போன பழஞ்சாரன்தான் அண்டைக்கு அவளுக்கு உதவின. நான் உதவல்ல. கொப்பி, பேனை, பென்சில் எண்டு பெரிய நியாயவான் மாதிரி... மனது குளிர்ந்ததாம் எனக்கு! இந்தக் கொப்பியிலேயே எழுதியிருக்கன் அல்ஹம்துலில்லாஹ் எண்டு. அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க ஏலாமலிருக்கு.

அந்த மனுசி காதியார் வீட்டில் வாயைத் திறந்திருந்தால் என் மானம் அங்கேயே போயிருக்கும். பிள்ளையின் மானத்துக்காக வாயை மூடிக்கொண்டு என் பேச்சையெல்லாம் வாங்கினாள்.

ஜூலை 24, ஞாயிறு

கடைக்குப் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன். காக்கா என்னைக் கண்டதும் எழும்பி நின்றார்.

"நீங்க சொன்னத்தானே ராசா நான் செஞ்ச. புள்ள என்ன கேட்டயெண்டு அவ போன பொறகுதான் எனக்கு விளங்கின. அண்டையிலிருந்து எனக்கும் நித்திரயில்ல."

எப்படிச் சண்டை பிடிப்பது? என் வார்த்தையைத்தானே அவர் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். உள்ளே இருந்து சரீபா ராத்தா, "நான் அடுப்படியில நிண்டுட்டனே" என்று அழுதார்.

அவரிடம்தான் சொன்னேன்: "ராத்தா, இனி நுஸ்கா வந்தா எதக் கேட்டாலும் குடுங்க. கடையவே கேட்டாலும் குடுங்க. என்ன எடுத்தயெண்டு எனக்கிட்டச் சொல்லவும் வேணாம். தொகைய மட்டும் சொல்லுங்க."

மகளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். கேட்பதென்றால் எதற்கென்று சொல்லவேண்டும். இந்த விசயத்தை ஒரு தகப்பன் மகளிடம் எந்த வாயால் சொல்வது? சுல்பிகாவிடம் சொல்லியனுப்பினேன். பதில் வந்தது: "சரியாம்."

ரோஸ் துணி இன்னும் சுல்பிகாவின் அலுமாரியில்தான் இருக்கிறது.

ஒக்டோபர் 1, சனி

வெள்ளிகளில் இப்போது வாசற்படி வரைக்கும் வருகிறாள். சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு நிலத்தைப் பார்ப்பாள். படிக்கிறயா மனே? ஓம். சாப்பிட்டயா? ஓம். ஏதும் வேணுமா? இல்ல. சுல்தான் இருக்கிறதா, செத்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயமாக இருக்கிறது, நான் இன்னமும் விசாரிக்கிறேன் என்று நினைத்துவிடுவாள்.

கடையில் ஒன்றுமில்லை. சந்தியைக் கடந்து தூரத்துக் கடைக்குப் போகிறாளாம்.

2023 பெப்ரவரி 10, வெள்ளி

அந்த வளவில் ஒரு புது மோட்டார்சைக்கிள் நிற்கிறது. நுஸ்காவின் உம்மாவுக்குப் போன கிழமை நிக்காஹ் முடிந்ததாம். அக்கரைப்பற்று மாப்பிள்ளை. முறைப்படி வந்து குடியேறியிருக்கிறார், நான் வந்தது போல. நான் பதித்த சீமெந்துக்கல்லில்தான் வண்டியை நிறுத்தியிருக்கிறார். கண்டதும் ஸலாம் சொன்னார். நானும் சொன்னேன். என்ன செய்வது, அவரும் யாரோ ஒரு தாயின் வீட்டிலிருந்து பையோடு வந்தவர்தான்.

தாய் மறுமணம் செய்தால் பிள்ளையை நீ கேட்டெடுக்கலாம், காதியாரிடம் போ என்று ஸ்ராண்டில் ஒரு ஆள் உசுப்பினான். எடுத்து எங்கே வைப்பது? தங்கச்சியின் முன்னறையில், என் கட்டிலுக்குக் கீழேயா? அந்த வீடு அவளுக்கு வரவேண்டிய வீடு. அதிலிருந்து நானே அவளைக் கிளப்புவதா?

போகவில்லை.

ஏப்ரல் 3, திங்கள்

காதியாரிடம் கட்டினேன். கடையில் கேட்டேன். இல்லை.

நவம்பர் 1, புதன்

இல்லை.

2024 ஜூன் 12, புதன்

நல்ல மழை. நேற்று ரியூசன் வாசலில் நுஸ்கா நனைந்துகொண்டு நின்றாளாம். பிரகாஸ் ஏற்றிக்கொண்டுபோய் வீட்டில் விட்டிருக்கிறான்.

"காசு வாங்கலயே தம்பி?" என்றேன்.

"நான் வேணாமெண்டுதான் சொன்னன் காக்கா. உங்கட வாப்பாட்ட வாங்கிக்கிறன், நீங்க போங்க எண்டன். 'இல்ல அங்கிள், நான் ஒருத்தருக்கிட்டயும் கடன் வைக்கிறல்ல' எண்டு சொல்லிட்டு சீற்றில காச வச்சிட்டு இறங்கிட்டா."

அவனுக்கு அது பெருமையாக இருந்தது. "நல்ல ரோசமான புள்ள, உங்கள மாதிரி" என்றான்.

நான் வண்டிக்குள் இருந்து அழுதேன். பதினாலு வயதுப் பிள்ளை யாரிடமும் ஒன்றும் கேட்காமல் இருக்கப் பழகிவிட்டாள். நாளைக்கு வந்து குடியேறப்போகிற மாப்பிள்ளையிடமும் நோவென்றாலும் சொல்லமாட்டாள், பசியென்றாலும் சொல்லமாட்டாள். இத்தனை மாதம் தவறாமல் கட்டிக் கட்டி நான் என் மகளுக்குச் சேர்த்துக் கொடுத்தது இதுதான்.

2025 மார்ச் 31, திங்கள்

நோன்புப் பெருநாள். வாசலில் வந்து ஸலாம் சொன்னாள். பெருநாள் காசை நீட்டினேன். வாங்கினாள். நான் கேற்றைத் தாண்டு முன்பே கதவடியில் விளையாடிய அயல்வீட்டுச் சின்னப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டாள். நான் காணவில்லை என்று நினைத்திருப்பாள்.

செப்டெம்பர் 2, செவ்வாய்

சரீபா ராத்தா கேட்டார், "இன்னுமா ராசா ஒவ்வொரு மாசமும் வந்து கேக்கிற? வந்தா நான் ஆள் அனுப்புவன்தானே." அவருக்குச் சலிப்பு இல்லை, பாவப்படுகிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுத்த மாதம் வரமாட்டேன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஒக்டோபர் 1, புதன்

போனேன். இல்லை.

நவம்பர் 3, திங்கள்

காதியாரிடம் கட்டினேன். "றிபாத், பிள்ளை ஒண்டு, பேரு நுஸ்கா." ஓம்.

கடைக்குப் போனபோது அஸர் தொழுது வந்தவர்கள் நின்றார்கள். ராச்சாப்பாட்டுக்கு ஒரு இறாத்தல் பாண் வாங்கிக்கொண்டு, வழக்கம்போல ஒன்றும் கேட்காதது போல நின்றேன். சரீபா ராத்தா முன்றானையால் வாயைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

"உங்கட பேருல ஒரு சாமான் போயிருக்கு ராசா."

பாண் கையில் இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

"முந்தாநாள் பின்னேரம். கட நெறயச் சனம். நானும் நிண்ட, அவரும் நிண்ட. புள்ள நேரா வந்து எல்லாருக்கும் முன்னால சாமான்ட பேரச் சொல்லிக் கேட்டா. குரல் கொறக்கல்ல. நான் பேப்பர எடுத்த சுத்துறத்துக்கு. 'சுத்தத் தேவல்ல ராத்தா, வாப்பாட பேருல எழுதுங்க' எண்டு சொன்னா. ஒருத்தரும் சிரிக்கல்ல. வாங்கி, அப்பிடியே கையில புடிச்சிட்டுப் போறா."

காக்கா தராசுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

இந்த ஒரு கணக்கு மூன்றரை வருடத்தை அடைத்துவிட்டது என்று நான் எண்ணவில்லை. வெள்ளிக்கிழமையும் அவள் நிலத்தைப் பார்த்துத்தான் கதைப்பாள். ஓம், இல்ல, ஓம். அன்றைக்கு அறைக்குள் தனியே இருந்த நேரத்தை நான் எந்தக் காசாலும் திருப்பிக் கட்ட முடியாது. ஆனாலும் வாப்பா என்று சொல்லியிருக்கிறாள். அந்தக் கடையில், அந்த ஆம்பிளைகளுக்கு முன்னால்.

"என்ன சாமானெண்டு—" என்று ராத்தா தொடங்கினார்.

"தொகைய மட்டும் சொல்லுங்க ராத்தா."

சொன்னார். கட்டினேன். பாணை மறந்துவிட்டு வந்துவிட்டேன்.